வாசலில் நடக்கும் கல்யாணக் கதை

திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதவாக்கில் நடக்கும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையின் அடியில் இருப்பது ஒரு கல்யாணக் கதை. ஊர்ப் பெண்களைச் சீரழித்த பாளேகாடு என்ற பாளையக்காரன், அம்மனான கங்கம்மாவையும் பெண் கேட்கிறான். அவள் சுயரூபம் காட்டியதும் ஓடி ஒளிகிறான். வேஷம் மாற்றி மாற்றித் தேடியவள், துரை வேஷத்தில் அவன் தலையை வாங்குகிறாள். இதற்கு மேடை கிடையாது. கைகால குடும்பத்து ஆண்கள் பரம்பரை உரிமையாக வேஷம் கட்டி வீடுவீடாக வருகிறார்கள். வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி, குங்குமமிட்டு, கற்பூரம் காட்டுகிறார்கள். வெட்டு முடிந்தபின் வருவது மாதங்கி. பாளேகாடுவின் மனைவியைத் தேற்றவே அந்த வேஷம் என்பார்கள். கொன்றவளே வந்து ஆறுதல் சொல்லும் இந்தக் கட்டத்துக்கு அரங்கத்தைவிட வாசற்படிதான் பொருத்தம் என்பேன். எதிரே நிற்பவர்களும் குடித்தனம் நடத்தும் பெண்கள்தானே.

இது வழிபாடு, நாடகமல்ல என்று ஆட்சேபிக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தும் வழிபாடுதான். அதைக் கூத்து என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆண்களே பெண் வேஷம் கட்டினால் பெண்களுக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி இன்னும் கனமானது. ஜாத்திரையை நெடுநாள் ஆராய்ந்து 2013இல் நூல் எழுதிய ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், அந்த நாட்களில் பெண்ணாவதுதான் ஆணுக்கு உகந்த நிலை என்கிறார். பாதி பதில்தான் அது. மீதி, வேஷக்காரரின் காலில் தண்ணீர் ஊற்றும் கைகளிடம் இருக்கிறது. அவை கதவைத் திறக்காவிட்டால் ஆட்டமே இல்லை.