சட்டைக்கு பட்டன் போடத் தெரியுமா பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். சட்டையோட மேல் பட்டனைக் கழட்டுங்க. கண்ணை மூடிக்கிட்டு திரும்ப மாட்டுங்க. நாலு செகண்ட் ஆச்சா? அந்த நாலு செகண்டுக்குள்ள ஒரு கை துணியை இழுத்துப் பிடிச்சுது, இன்னொரு கையோட ரெண்டு விரல் பட்டனைச் சாய்ச்சுத் தள்ளுச்சு, ஓட்டை எங்கேன்னு விரல் நுனி மூளைக்குச் சொல்லுச்சு, எவ்வளவு அழுத்தணும்னு மூளை கணக்குப் போட்டுச்சு. எங்க காலேஜ் ரோபோட்டிக்ஸ் பசங்க, பேப்பர் கப்பை நசுக்காம தூக்குற ஒரு இயந்திரக் கைக்காக செமஸ்டர் பூரா மல்லுக்கட்டுறாங்க!

இதே பட்டனை ஏழு வயசுப் பையனால போட முடியலைன்னா? வீட்டுல 'சோம்பேறி', ஸ்கூல்ல 'கையெழுத்தா இது, கோழி கிறுக்கல்', கிரவுண்ட்ல 'டேய், இவனை டீம்ல சேர்க்காதீங்கடா'. மூணு பட்டமும் ஒரே வருஷத்துல கிடைச்சிடும். கை, கால் அசைவுகளை ஒருங்கிணைக்கறதுல இந்த மாதிரி சிக்கல் உள்ள குழந்தைகள் நூத்துக்கு அஞ்சாறு பேர் இருக்காங்க. அப்படின்னா நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற கிளாஸ்ல ரெண்டு பேர். உங்க பழைய கிளாஸ்ல அந்த ரெண்டு பேர் யாருன்னு இப்ப ஞாபகம் வருதா?

இந்தக் குழந்தைகளுக்கு உதவத்தான் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமா ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டரும் இல்லை, ஓவர்டைமும் இல்லை.) பேரைக் கேட்டதும் 'வேலை வாங்கித் தருவாங்களா?'ன்னு கேட்குறவங்க நிறைய. குழந்தைக்கு என்னங்க வேலை? விளையாடணும், சாப்பிடணும், டிரெஸ் மாட்டணும், பல் தேய்க்கணும், ஸ்கூல் பையைத் தூக்கிட்டுப் போய் உட்கார்ந்து எழுதணும். அதுதான் அதோட ஆக்குபேஷன். அதைத் தானாகச் செய்ய வைக்கிறதுதான் இந்த தெரபி. அமெரிக்காவுல 1917-ல இதுக்கு ஒரு சங்கம் அமைஞ்சு, முதல் உலகப்போர்ல காயம்பட்ட சிப்பாய்களுக்கு மத்தியில வேகமா வளர்ந்துச்சு. நம்ம நாட்டுல 1950-ல மும்பையில இதுக்கான முதல் படிப்பைத் தொடங்கி வெச்சவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவுல பிறந்து, இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே தங்கிட்டவர்.

ஒரு சென்டருக்குள்ள போய்ப் பார்த்தப்போ முதல்ல தோணினது, 'இது ஆஸ்பத்திரியா, விளையாட்டுத் திடலா?' தொங்குற ஊஞ்சல் பலகை, ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பந்து, மெத்தை, துணி கிளிப் போட்ட டப்பா. ஒரு குட்டிப் பொண்ணுக்கு டி-ஷர்ட் போடக் கத்துக்கொடுத்துட்டு இருந்தாங்க. தெரபிஸ்ட் அக்காவே தலையை நுழைச்சு, ரெண்டு கையையும் நுழைச்சு, நெஞ்சு வரைக்கும் இறக்கிவிட்டுட்டு நிறுத்திட்டாங்க. கடைசியா கீழே இழுத்துவிடுறது மட்டும் அவ வேலை. இழுத்தா. 'நானே போட்டுட்டேன்!'னு ஒரு சிரிப்பு. அது கை வந்ததும், இடுப்பிலிருந்து இல்லாம கை நுழைக்கிறதுலேர்ந்தே அவ வேலை ஆரம்பிக்கும். அப்புறம் தலையிலேர்ந்து. இப்படிக் கடைசிப் படியிலேர்ந்து பின்னோக்கிக் கத்துக்கொடுத்தா, ஒவ்வொரு தடவையும் வேலையை முடிச்ச சந்தோஷம் குழந்தைக்கே கிடைக்கும். நாம வீட்டுல நேர்மாறாதான் செய்யறோம். 'நீயே போடு'ன்னு ஆரம்பத்துல விட்டுட்டு, ஸ்கூல் வேன் ஹார்ன் அடிச்சதும் பிடுங்கி நாமளே மாட்டிவிடுறோம்!

சரி, ஊஞ்சல் எதுக்கு? இங்கேதான் ஜீன் அயர்ஸ் வர்றார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தெரபிஸ்ட். நமக்கு அஞ்சு புலன்தானே தெரியும்? அதுக்கு மேலயும் ரெண்டை அவர் முக்கியமா கவனிச்சார். உள்காதுல ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட செங்குத்தா மூணு அரைவட்டக் குழாய்கள் இருக்கு. தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்றது அதுதான். உங்க செல்போன்ல இருக்கிற கைரோஸ்கோப் மாதிரி. இன்னொண்ணு, தசையிலயும் மூட்டுலயும் இருக்கிற உணர்வு. கண்ணை மூடினாலும் உங்க கை எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதே, அது. இந்தச் சேதிகளை மூளை சரியா கோக்கலைன்னா, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டு அலறுறது, காலர் லேபிள் உரசினா சட்டையையே கழட்டி எறியறது, மணல்ல கால் வைக்க மறுக்கறதுன்னு எல்லாம் வரலாம்னு சொன்னார். இதைப் பத்தின அவரோட முக்கியமான புத்தகம் 1972-ல வந்துச்சு.

ஆனா உஷார். இந்தத் தியரி பேரைச் சொல்லி இன்னைக்கு ஊர் ஊருக்குப் போர்டு மாட்டியாச்சு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-லயே, 'இதுக்கு ஆதாரம் குறைவு, பலன் இருக்கான்னு கவனிச்சுக்கிட்டே இருங்க'ன்னு பெற்றோர்களை எச்சரிச்சிடுச்சு. பிரிட்டன்ல ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளை வெச்சு நடந்த ஆய்வு 2022-ல வெளியானது. அதுலயும், வழக்கமான கவனிப்பைவிட இந்தப் புலன் சிகிச்சையால பெரிசா கூடுதல் பலன் தெரியலை. ஊஞ்சல் தப்புன்னு நான் சொல்லலை, குழந்தைக்கு அது ஜாலி. ஆனா வெறும் ஊஞ்சலுக்கு மாசாமாசம் ஆயிரக்கணக்குல கட்டிட்டு, பட்டன் போடக் கத்துக்கவே இல்லைன்னா, அது யாருக்கு லாபம்?

நல்ல ஆதாரம் இருக்கறது எதுக்கு தெரியுமா? எது வேணுமோ அதையே நேரடியா பழக்கறதுக்கு. கனடாவுல உருவான ஒரு முறையில குழந்தையே இலக்கைச் சொல்லும்: 'எனக்கு சைக்கிள் ஓட்டணும்.' அப்புறம் திட்டம் போடு, செய்து பார், சரியா வந்துச்சான்னு சோதி, திட்டத்தை மாத்து. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற நண்பர்களே, இது உங்க ஃபீட்பேக் லூப்பேதான்!

இன்னொரு விஷயம் கேட்டா அசந்துடுவீங்க. மூளை பாதிப்பால ஒரு பக்கக் கை பலவீனமா இருக்கிற குழந்தைக்கு, நல்லா இருக்கிற கைக்கு உறை மாட்டிடுவாங்க! வேற வழியில்லாம பலவீனமான கை வேலை செய்ய ஆரம்பிக்கும். நல்ல பலன் தர்ற முறை இது. இதுல சோகம் என்னன்னா, பல வீடுகள்ல இந்தப் பிரச்னை கண்ணு முன்னாடியே இருந்தும் தப்பிச்சுடுது. ஒரு வயசுகூட ஆகாத குழந்தை எப்பவும் ஒரே கையைத்தான் நீட்டுதுன்னா, 'பீச்சாங்கைப் பழக்கம், தாத்தா மாதிரி'ன்னு சிரிச்சுட்டு விட்டுடுறாங்க. அந்த வயசுல கைப் பழக்கம் வரக்கூடாது. உடனே டாக்டர்கிட்ட காட்டணும். 18 மாசம் ஆகியும் நடக்கலை, பேசிட்டு இருந்த வார்த்தைகள் காணாமப் போச்சுன்னாலும் அப்படித்தான். 'அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்'னு பாட்டி சொல்ற ஒவ்வொரு மாசமும் அந்தக் குழந்தைக்கு நஷ்டம். மூளை களிமண்ணா இருக்கிற காலம் ஆரம்ப வருஷங்கள்தான்.

காசு இல்லையேன்னு தயங்க வேண்டாம். 2013-ல தொடங்கின மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்டத்துல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கு. அரசு ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரிகள்ல விசாரிங்க, இலவசம். சென்னைப் பக்கம்னா ஈ.சி.ஆர்-ல முட்டுக்காட்டுல, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பிப் பயிற்சி கொடுக்குது.

வீட்டுல? பரண் மேல கிடக்கிற பல்லாங்குழியை இறக்குங்க. சோழியை ஒவ்வொண்ணா குழியில போடறது ரெண்டு விரலுக்கு அருமையான பயிற்சி. சப்பாத்தி மாவு பிசைய விடுங்க. கோலப்பொடியைக் கிள்ளி இழுக்கச் சொல்லுங்க. புது க்ரேயானைவிட உடைஞ்ச துண்டு நல்லது. முழுக் கையால பிடிக்க முடியாது, மூணு விரல்லதான் பிடிச்சாகணும்.

அக்கா பையனையோ பக்கத்து வீட்டுக் குட்டியையோ தெரபிக்குக் கூட்டிட்டுப் போற வேலை உங்க தலையில விழுந்தா, அங்கே மூணு கேள்வி கேளுங்க. மூணு மாசத்துல இவன் எதைத் தானா செய்வான்? அது நடக்குதான்னு எப்படிப் பார்ப்பீங்க? வீட்டுல நாங்க தினமும் என்ன செய்யணும்? பதிலுக்கு மெஷின் விலையை மட்டும் சொன்னாங்கன்னா, செருப்பை மாட்டிக்கிட்டு அடுத்த சென்டரைப் பாருங்க.