காருக்குள் கச்சேரி: சிக்கனமாக அமைப்பது எப்படி?

நாலு நண்பர்கள் பங்கு போட்டுப் பழைய கார் ஒன்று வாங்கிவிட்டால், மறுநாளே எழும் கேள்வி, 'பாட்டுக்கு என்ன வழி?' என்பதுதான். நெருளிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தையும் கரகரக்கும் ஒலியைக் கேட்டுக்கொண்டே கடப்பது ஒரு தண்டனை. கையிலோ பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவனுக்கு அது பெருந்தொகை. தவறான இடத்தில் போட்டால் திரும்பி வராது.

அந்தத் தவறான இடத்திற்குப் பெயர் 'வாட்'. கடைக்காரர் முதலில் காட்டுவது அதைத்தான். கார் ரேடியோப் பெட்டியின் மேல் '50 வாட் வீதம் நான்கு' என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? இஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள், 52 வருகிறது. ஆனால் மின்னழுத்தம் எந்நேரமும் உச்சியிலேயே நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். சீரான அலைக்கு இதில் பாதி, அதாவது 26. உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால், ஒலி சிதையாமல் கிடைப்பது இருபது வாட் அளவுதான். பெட்டி எந்தக் கம்பெனியுடையதாயினும் ஓம் விதி ஒன்றே!

இருபது வாட் போதுமா என்று கேட்பீர்கள். போதும், ஸ்பீக்கரைப் பார்த்து வாங்கினால். ஸ்பீக்கர்ப் பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதே அது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். ஆகையால் 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 93 டெசிபெல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். ஆம்ப்ளிபயர் வாங்கும் காசு அப்படியே மிச்சம். என் யோசனை: நாலாயிரம் ரூபாய்க்கு முன் கதவுகளுக்கு மட்டும் ஒரு நல்ல ஜோடி. பின்னால் அமர்வோர் மனம் வருந்தலாம், வருந்தட்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த சுருதிக்கே இந்த ஆபத்து அதிகம். காரின் கதவைக் கழற்றிப் பார்த்தால், உள்தகட்டில் கை நுழையுமளவுக்கு ஓட்டைகள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று. மிருதங்கத்தின் இடந்தலை நாதம் முழுவதும் அந்த ஓட்டைகள் வழியே வீணாகிறது. வீணையின் குடம் அதிர வேண்டும். கதவோ அதிரவே கூடாது.

ஆகவே அலுமினியம் பூசிய பியூட்டைல் ரப்பர்த் தாளால் ஓட்டைகளை மூடி, வெளித்தகட்டின் உட்புறத்திலும் ஒட்ட வேண்டும். இரண்டு கதவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்குங்கள். கூரைக்கு ஒட்டும் தார்த் தாள் மலிவாயிற்றே என்று அதை ஒட்டினால் வெயிலில் இளகி நாறும். மற்றொன்று: கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் வழியேதான் வெளியேறுகிறது. அவற்றை அடைத்துவிட்டால், பம்பாயின் நான்கு மாத மழையில் கதவு துருப்பிடித்துப் போகும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையமும் சாதாரண பிளைவுட்டாக இருக்கக் கூடாது, ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையமே நலம்.

சாமான்களுக்குக் குர்லாவில் இறங்கி சி.எஸ்.டி. சாலைக்குப் போகலாம், கம்பிக்கும் சில்லறைப் பொருள்களுக்கும் கிராண்ட் ரோடு பக்கமுள்ள லாமிங்டன் சாலை. இரண்டு இடத்திலும் பேரம் பேசத் தெரிய வேண்டும். கம்பி வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாமிட்ட அலுமினியம். செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை உடையது. கம்பிக்கும் வளையத்துக்கும் ஆயிரம் போக, மீதி இரண்டாயிரத்து ஐந்நூறில் பழைய ரேடியோ ஒன்று கிடைக்கும். பில் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். யாருடைய காரிலிருந்து கழன்று வந்ததோ!

பின்னாளில் ஆம்ப்ளிபயர் வைக்க நேர்ந்தால், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருந்தே தீர வேண்டும். கம்பி இஞ்சின் தகட்டைத் துளைத்து உள்ளே வருகிறது. ஓட்டத்தில் உறை தேய்ந்து தகட்டில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுத்துத் தீப்பற்ற அதிக நேரம் ஆகாது. ஆம்ப்ளிபயரின் அருகே வைத்த பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காக்குமே தவிர, கம்பியைக் காக்காது. இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்.

எல்லாம் பூட்டுமுன் ஒரு சோதனை. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒவ்வொரு ஸ்பீக்கரின் கம்பியிலும் கணநேரம் தொட்டுப் பாருங்கள். நேர்முனையில் நேர்முனை பட்டால் கூம்பு வெளியே தள்ளும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் போனால், ஒரு ஜோடிக் கம்பியை மாற்றிவிடுங்கள். பிறகு ரேடியோவின் அமைப்பில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சுருதிகளை வெட்டிவிட வசதியிருந்தால் வெட்டிவிடுங்கள். சிறு கூம்பு அவற்றோடு மல்லாடாது. பாடகரின் குரல் தெளிந்துவிடும்.