சம்மதமும் வேலியும்: வன்னிப் பெருநிலப்பரப்பில் உளவியல் ஆய்வின் அறம்

ஆய்வறம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இருவகைக் குற்றங்களைப் பிரித்துக் காட்டுவன. ஒன்று உண்மைக்கு எதிரான குற்றம்: இல்லாத தரவை ஆக்குதல், உள்ள தரவைத் திரித்தல், பிறரது எழுத்தைத் தமதாக்குதல். மற்றையது மனிதருக்கு எதிரான குற்றம்: ஆய்வுக்குட்படுவோரை அவர்தம் விருப்பின்றிப் பயன்படுத்துதல், ஏமாற்றுதல், ஊறு விளைத்தல். முன்னையது அறிவியலின் நம்பகத்தன்மை சார்ந்ததென்றும் பின்னையது மனிதாபிமானம் சார்ந்ததென்றும் கொள்வது வழக்கம்.

கற்பித்தலுக்கு இப்பாகுபாடு வசதியானதே. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை நினைவிற் கொண்டு இதனை நோக்கும்போது அது நிலைபெறவில்லை. மறுக்கும் சுதந்திரம் இல்லாதவரிடமிருந்து பெறப்படும் விடை அறநெறியால் மட்டுமன்றி அறிவியலாலும் குறைபாடுடையது. அறம் தவறும் இடத்திலேயே தரவும் தவறுகின்றது. இதனைச் சில சான்றுகள் கொண்டு விளக்குவதே எமது நோக்கமாகும்.

நெறிகள் பிறந்த களம்

ஆய்வு நெறிகள் அறிஞர் அவைகளில் அமைதியாகச் சிந்தித்து வகுக்கப்பட்டவையல்ல. அவை அடைப்பிடங்களிலிருந்து பிறந்தவை. நாசி வதைமுகாம்களிற் கைதிகள் மீது பரிசோதனை நடத்திய மருத்துவர்கள் விசாரிக்கப்பட்ட வழக்கின் தீர்ப்பிலேயே, 1947 ஆம் ஆண்டில், நியூரம்பேர்க் நெறிக்கோவையின் 10 விதிகள் இடம்பெற்றன. அவற்றுள் முதலாவது, ஆய்வுக்குட்படுவோரின் தன்விருப்பான சம்மதம் இன்றியமையாதது என்பது. கவனிக்க வேண்டியது யாதெனில், அவ்விதி சம்மதத்தை வெறுஞ் சொல்லாகக் கொள்ளவில்லை. வற்புறுத்தலோ வஞ்சகமோ இன்றித் தெரிவு செய்யும் ஆற்றல் ஒருவருக்கு இருக்கவேண்டும் என்கின்றது. அதாவது, சம்மதத்தின் பெறுமதி சம்மதிப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

1964 ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் பின்னரும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையிற் கைதிகள் மீதான தோற் பரிசோதனைகள் 1974 வரை தொடர்ந்தன. அலபாமா மாநிலத்தின் ரஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்கள் சிபிலிசு நோய்க்குரிய சிகிச்சையின்றி அவதானிக்கப்பட்டு வந்தனர். பெனிசிலின் கிடைத்த பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. இக்கொடுமை வெளிப்பட்டதன் விளைவாகவே 1979 இல் பெல்மொன்ற் அறிக்கை தோன்றி, மனிதரை மதித்தல், நன்மை பயத்தல், நீதி என்னும் மூன்று தத்துவங்களை வகுத்தது. கைதிகளை ஆய்வுக்குட்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1978 இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. சிறைச்சுவர் சம்மதத்தின் பொருளையே மாற்றிவிடுகின்றது என்பதை அரசொன்று ஒப்புக்கொண்டமைக்கு இவ்விதிகள் சான்றாகும்.

உளவியலும் இதற்கு விலக்கன்று. 1963 இல் வெளிவந்த ஸ்ரான்லி மில்கிறாமின் ஆய்வில், நினைவாற்றல் பற்றிய ஆய்வெனப் பொய் கூறி அழைத்துவரப்பட்ட 40 ஆண்களுள் 26 பேர், மற்றொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியும், ஆணைக்குப் பணிந்து இறுதி வரை சென்றனர். இவ்வாய்வு ஏமாற்றுதல் பற்றிய விவாதத்திற்கே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் அதில் நமக்கு வேறொரு பாடமும் உண்டு. சுதந்திர நகரமொன்றிற் கூலி பெற்று வந்து, எழுந்து செல்லும் உரிமையுடன் இருந்தவர்களே சாம்பல் நிற மேலங்கி அணிந்தவரின் சொல்லை மறுக்க இயலாதிருந்தனர் எனில், முட்கம்பிக்குட்பட்ட ஒருவர் வினாக்கொத்தை ஏந்தி வருபவரை மறுப்பார் என எவ்வாறு எதிர்பார்க்கலாம்?

வேலிக்குட்பட்ட விடைகள்

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 2,80,000 மக்கள் முகாம்களில் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பகுதியில் அமைந்த மெனிக் பாம் முகாம் தொகுதியில் வைக்கப்பட்டனர். முட்கம்பி வேலியும் படையினர் காவலும் உடைய அம்முகாம்களிலிருந்து விரும்பியவாறு வெளியே சென்றுவர 2009 டிசெம்பர் வரை அனுமதி இருக்கவில்லை. அத்தொகுதி 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. இவற்றிற்குப் புறம்பாக, விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தோர் எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நீதிமன்ற விசாரணையின்றி அங்கு வைக்கப்பட்டமையைச் சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழு 2010 இல் வெளியிட்ட அறிக்கையிற் கண்டித்திருந்தது.

இத்தகைய நிலையங்களில் இருந்தோரை ஆய்வுக்குட்படுத்திய கட்டுரையொன்று, அமெரிக்க உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி உள்ளிட்ட குழுவினரால், 2018 இல் 'அரசியல் உளவியல்' என்னும் ஆங்கில ஆய்விதழில் வெளியிடப்பட்டது. புனர்வாழ்வுத் திட்டம் தீவிரவாத மனப்பாங்கைக் குறைத்ததா என்பதே அதன் வினா. ஓராண்டு இடைவெளியில் அம்மனப்பாங்கு குறைந்ததென்றும், விடுதலையான பின்னர் இவர்கள் ஒப்பிடத்தக்க ஏனைய தமிழ் மக்களிலும் குறைந்த தீவிரத்தைக் காட்டினர் என்றும் அக்கட்டுரை முடிவு கூறிற்று.

அவ்வாய்வாளர்கள் தரவைப் புனைந்தனர் என்றோ விதிகளை மீறினர் என்றோ நாம் கூறவில்லை. அவர்கள் கையாண்டவை உளவியலில் ஏற்கப்பட்ட அளவைகளும் புள்ளிவிபர முறைகளுமே. எமது வினா அவற்றிற்கு முற்பட்டது. விடுதலை எப்போது கிடைக்கும் என்பதை அறியாத ஒருவரிடம், தம்மைத் தடுத்து வைத்திருக்கும் நிறுவனத்தின் எல்லைக்குள், ஆயுதப் போராட்டத்தை ஆதரிக்கின்றீரா என்னும் பொருள்படும் வினா கேட்கப்படுமாயின், அவர் எவ்விடையை எழுதுவார்? உண்மையாகவே மனம் மாறியவரும், மாறாதவரும், முன்னர் எவ்வித ஈடுபாடும் இல்லாதிருந்தவரும் ஒரே விடையை எழுதுவதற்கே சூழல் அவர்களை நெருக்குகின்றது. ஓராண்டிற் குறைந்தது மனப்பாங்கா, அல்லது எதைச் சொல்லலாகாது என்னும் அறிவு வளர்ந்ததா என்பதை வினாக்கொத்து பிரித்தறியாது. விடுதலையான பின்னருங் கண்காணிப்புக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள், அவ்வச்சம் அதே அளவில் இல்லாத அயலவரிலும் எச்சரிக்கையாக விடையளித்தமை வியப்பன்று. சம்மதத்தின் குறை இங்கு அளவையின் குறையாகவும் மாறிவிடுகின்றது. பெயரை நீக்குவதாலோ மாதிரியின் தொகையைக் கூட்டுவதாலோ இக்குறை தீராது.

தடுப்பிடங்களுக்கு அருகிற் செல்லும் உளவியல் எவ்வளவு எளிதில் அதிகாரத்தின் கருவியாகக் கூடும் என்பதற்கு அமெரிக்க உளவியற் சங்கத்தின் அனுபவம் சான்று. 2001 செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த ஆண்டுகளில், அச்சங்கத்தின் அதிகாரிகள் சிலர் பாதுகாப்புத் திணைக்களத்திற்கு இசைவாக அறநெறிக் கொள்கைகளை அமைத்துக்கொண்டனர் என 2015 இல் வெளிவந்த ஹொஃப்மன் அறிக்கை கண்டது. அவ்வாண்டிலேயே, தேசிய பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்குபற்றுவதைச் சங்கம் தடை செய்தது.

பிறர் கொடுத்த சம்மதம்

வேலி எப்போதும் முட்கம்பியாலேயே ஆனதன்று. 2009 ஆம் ஆண்டிற் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய செயல்விளக்கத் திட்டமொன்று இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் ஏறத்தாழ 24,000 சிறுமியரை உள்ளடக்கித் தொடங்கப்பட்டது. ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திற் பழங்குடிச் சிறுமியர் பலருக்காகப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே சம்மதப் படிவத்திற் கையொப்பமிட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. திட்டம் 2010 இல் இடைநிறுத்தப்பட்டது. 2013 இல் இந்தியப் பாராளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. அச்சிறுமியர் சிறையில் இருக்கவில்லை. ஆயினும் உணவும் உறைவிடமும் தந்தவரின் சொல்லை மறுக்க அவர்களால் இயலவில்லை.

மீள்குடியேறிய வன்னிக் கிராமம் ஒன்றில் இதற்கு ஒப்பான நிலைமை தோன்றுவதை எளிதில் உணரலாம். வீட்டுத்திட்டப் பட்டியலைத் தயாரிப்பவரும் நிவாரணத்தைப் பதிபவரும் ஆய்வாளரை அழைத்து வந்து, மக்களைக் கூட்டி, வினாக்களுக்கு விடை கூறுமாறு கேட்பாராயின், அம்மக்கள் சம்மதிப்பது ஆய்வுக்கன்று, அப்பட்டியலுக்கே. துன்பத்தை மிகைப்படுத்திக் கூறினால் உதவி கிடைக்கும் என ஒருவர் எண்ணலாம். வாய் திறந்தால் தொல்லை வரும் என மற்றொருவர் அஞ்சலாம். இருவர் விடையும் ஒரே அட்டவணையிற் சேர்ந்து மனவடுவின் விகிதாசாரம் என அச்சேறும்.

மீண்டும் மீண்டும் சொல்லுதல்

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன் பின்னர் அயல்நாட்டு ஆய்வாளர் பலர் இலங்கைக்கு வந்தனர். நிவாரணத்துடன் ஆய்வும் கலந்து, உரிய அறவியல் மீளாய்வின்றித் தரவு திரட்டப்படும் ஆபத்தை அத்துல சுமதிபால, சிசிர சிரிபத்தன ஆகிய இலங்கை மருத்துவ அறிஞர்கள் 2005 இலேயே 'லான்செற்' இதழிற் சுட்டிக்காட்டினர்.

போருக்குப் பின்னர் சொல்லவேண்டிய இடங்கள் பெருகின. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற் போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழு, 2016 இன் கலந்தாலோசனைச் செயலணி எனப் பலவற்றின் முன்னும் தாய்மார் அதே கதையைச் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். எத்தனை தடவை சாட்சியம் சொல்லியும் விடை கிடைக்காமையே அப்போராட்டத்திற்குக் காரணம். இவர்களிடம் செல்லும் ஆய்வாளர், தாம் கேட்கும் ஒரு மணிநேர நேர்காணல் முதலாவது நேர்காணல் அன்று என்பதை உணர்தல் வேண்டும். சொல்பவர் ஏதோவொரு விடையை எதிர்பார்த்தே சொல்கின்றார். ஆய்வாளர் கொண்டு செல்வதோ பட்டமும் பிரசுரமும்.

மௌனமும் தீர்வன்று

அவ்வாறாயின் இம்மண்ணில் ஆய்வே வேண்டாமா என வினவலாம். ஆய்வு இல்லாவிடில் நடந்தது மறைக்கப்படும். மறைத்தலை விரும்புவோருக்கு அதனிலும் பெரிய உதவி வேறில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட வன்னியின் கூட்டு மனவடு பற்றிய ஆய்வு இங்கு கருதத்தக்கது. அது தனிமனித நோய்களை எண்ணுவதோடு நில்லாது, குடும்பமும் சமூகமும் சிதைந்தமையையும் நம்பிக்கை குலைந்தமையையும் பண்புசார் முறையில் நோக்கிற்று. 'மனவடு' என்னும் பெயரிலே தமிழில் நூலெழுதிய ஒருவர், தாம் சிகிச்சையளித்த மக்களைப் பற்றியே எழுதினார். முறை, மொழி, பொறுப்பு ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுபட்டிருந்தன.

ஆகவே வேண்டப்படுவது தடையன்று, நிபந்தனை. முதலாவதாக, தடுப்பில் உள்ளவரிடமோ கண்காணிப்பில் உள்ளவரிடமோ அவரது விடுதலையையும் பாதுகாப்பையும் பாதிக்கத்தக்க வினாக்களைக் கேட்டுப் பெறும் விடைகளைச் சான்றாகக் கொள்ளலாகாது. இரண்டாவதாக, உதவி வழங்குபவரும் ஆய்வுக்கு அழைப்பவரும் ஒருவராக இருத்தல் கூடாது. மூன்றாவதாக, கையொப்பத்தையே சம்மதத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தை மீளச் சிந்திக்க வேண்டும். பெயர்ப்பதிவுக்கு அஞ்சிப் பழகிய மக்களிடம் வாய்மொழிச் சம்மதமே பாதுகாப்பானதாகலாம். பெயரும் ஊரும் அடங்கிய தாள், 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் துன்புற்ற சமூகத்தில், வெறுந் தரவன்று. நான்காவதாக, நேர்காணலால் மனங்கலங்குபவருக்கு உளவளத்துணை கிடைக்கும் வழியை முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் வேண்டும். ஐந்தாவதாக, முடிவுகள் தமிழில் அதே கிராமத்திற்குத் திரும்பி வருதல் வேண்டும்; அவை தவறெனக் கூறும் உரிமையும் அம்மக்களுக்கு உண்டு.

இப்பொறுப்பு அயல்நாட்டவருடையது மட்டுமன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. 2021 இல் வவுனியா தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆய்வுப் பொருளாகவே இருந்துவந்த நிலத்தில் ஆய்வாளரும் உருவாகின்றனர். ஆய்வேட்டுக்கு நாட்குறித்த மாணவர் ஒருவர், தம் மொழி பேசும் ஏழை வீடொன்றின் படலையைத் திறக்கும்போது, அவரும் அதிகாரத்தின் ஒரு கூறாகவே உள்ளே நுழைகின்றார். வீட்டுக்காரர், "இன்றைக்கு வேண்டாம், தம்பி" என்று சொல்லத் துணியும் நிலையை உண்டாக்குவதே அவரது முதற் கடமை. அவ்வாறு சொல்லக்கூடிய வீட்டிலிருந்து கிடைக்கும் விடையே நம்பத்தக்க தரவாகும்.