வேடந்தாங்கல்: கமக்காரர் காத்த குளம்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் குளத்தங்கரை மரங்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடியிருந்தோம். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்: “சுவாமி, மனிசருக்கே இன்னும் ஒழுங்கான வீடு வாசல் இல்லை. இதுக்குள்ளை பறவையளுக்கு இடம் தேடுறதோ?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதல்ல. பல தடவை இடம்பெயர்ந்து, விதைநெல்லையும் மாடுகளையும் இழந்து, பற்றை மூடிய வயலைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அப்படிக் கேட்க முழு உரிமையும் உண்டு. அதற்கான பதிலை நாம் தமிழ்நாட்டின் ஒரு விவசாயக் கிராமத்தில் தேடிப் பார்ப்போம்.

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. வேடர் தங்கிய இடம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள் என்பர். அங்குள்ள குளத்தை ஊரவர் ஏரி என்கின்றனர். அதன் பரப்பு ஏறக்குறைய 74 ஏக்கர். நமது வன்னிக் குளங்கள் பலவற்றிலும் சிறியது. ஏரிக்குள்ளே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. மாரி மழையில் ஏரி நிரம்பியதும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு என ஆயிரக்கணக்கில் வந்து அம்மரங்களில் கூடு கட்டுகின்றன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரப் படையினர் அங்கு வந்து பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊர் மக்கள் வாளாவிருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டனர். 1798 இல் கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்று ஊரவருக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858 இல் அது புதுப்பிக்கப்பட்டது. அரசு அதனைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936 இல்தான். 2022 இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஆக, முதலில் காத்தவர்கள் கமக்காரர். சட்டம் பின்னரே வந்தது.

ஏன் காத்தார்கள்? இரக்கம் மட்டும் காரணமல்ல. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைகின்றது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மதகு திறந்தால் நீரோடு பசளையும் வயலுக்குப் பாய்கின்றது. கொக்குகள் வயற் பூச்சிகளைப் பொறுக்குகின்றன. நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தின்கின்றது. யூறியா வாங்கக் கடன்படும் நமக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இலாபம் இலவசமாகக் கிடைக்கவில்லை. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீனைத் தின்னும். கூடுள்ள மரத்தில் விறகு வெட்ட முடியாது. சிவகங்கை மாவட்டத்திலுள்ள வேட்டங்குடிக் குளங்களைச் சூழ்ந்த ஊர்களில், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குக்கூட வெடி கொளுத்துவதில்லை. சிறுவர்களும் இதற்கு உடன்பட்டிருக்கின்றார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நமது குளங்களுக்கு வருவோம். நம் முன்னோர் குளத்தின் மேற்பக்கத்தில் மரச்சோலையையும் புற்றரையையும் விட்டு வைத்தனர். சோலை காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். புல், மண் அடித்து வந்து குளத்தைத் தூர்க்காமல் வடிகட்டும். குளக்கட்டின் கீழே மருதும் இலுப்பையும் நிற்கும் காட்டுத்துண்டு, கசியும் நீரிலுள்ள உப்பு வயலைச் சேராமல் தடுக்கும். பறவைக்கும் உடும்புக்கும் தேனீக்கும் புகலிடம் அதுவே. குடியேறிய அவசரத்தில் வீட்டு வளைக்கும் விறகுக்கும் இவற்றை வெட்டினால், சில ஆண்டுகளில் குளம் தூர்ந்து, வயல் உவராகிவிடும். அப்போது நட்டப்படுவது நாமே.

ஆகவே, காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மூன்று விடயங்களைத் தீர்மானிப்போம். எந்த மரங்களில் கத்தி வைப்பதில்லை? கூடு கட்டும் மாதங்களில் குளத்தில் துவக்கும் வலையும் வைப்பவரை யார் தடுப்பது? விறகுக்கு மாற்றாக வேலியோரம் எவர் எத்தனை சீமைக்கிளுவை நடுவது? மூன்றாவதைத் தாய்மாரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். விறகு தேடி நடப்பவர்கள் அவர்களே. தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி, கையொப்பமிட்டு, கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதி கொடுப்போம். வேடந்தாங்கல் மக்களும் வாய்ச்சொல்லோடு நிற்காமல் எழுத்தில் கேட்டுப் பெற்றார்கள்.

இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்களும் உண்டு. குளத்திலும் அதன் மரங்களிலும் அவர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் வரும்போது மருதமரம் நிற்க வேண்டும். அந்த முதியவருக்கு நாம் அன்று சொன்னதும் இதுதான். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப முதலிலை அலைகரைப் பக்கம் வெட்டுறதை நிப்பாட்டுவம்” என்றார்.