கேர்ஃபிலிக் கோட்டை: பழையதும் புதியதும்

பழங்கோட்டை ஒன்றைக் காணச் செல்வோர், அங்குள்ள கற்களெல்லாம் பழையவை என்றே எண்ணுவர். வேல்ஸ் நாட்டுக் கோட்டைகள் பலவற்றில் உண்மை அதுவன்று. எது முதலில் வைத்த கல், எது பின்னாளில் வைத்த கல் என்று பிரித்தறிந்து பார்ப்பவர்க்கே கோட்டையின் வரலாறு விளங்கும். இதற்குச் சிறந்த சான்று, கார்டிஃப் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 7 கல் தொலைவிலுள்ள கேர்ஃபிலிக் கோட்டையாகும். வேல்ஸில் இதனினும் பெரிய கோட்டை இல்லை.

நீரே அரண்

கில்பர்ட் டி கிளேர் என்னும் பிரபு 1268இல் இதைக் கட்டத் தொடங்கினார். வேல்ஸ் இளவரசர் லெவலின் தெற்கு நோக்கி முன்னேறுவதைத் தடுப்பதே அவர் நோக்கம். 1270இல் லெவலின், வேலை முடியாதிருந்த கோட்டையைத் தாக்கித் தீயிட்டார். மறு ஆண்டே கில்பர்ட் மீண்டும் பணியைத் தொடங்கினார்.

ஓடை நீரை அணைகட்டி மறித்துக் கோட்டையைச் சுற்றி ஏரிகளை உண்டாக்கினர். மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி அதைச் சரிப்பது அக்கால முற்றுகை முறை. அகன்ற நீர்ப்பரப்பு அதற்கு இடங்கொடுக்கவில்லை. உள்ளே இரட்டை மதில்கள். வெளிமதில் தாழ்ந்தது, உள்மதில் உயர்ந்தது. ஆதலின் இரண்டிலும் நின்ற வில்லாளர் ஒரே வேளையில் அம்பெய்ய முடிந்தது. ஆயினும் 1282இல் லெவலின் போரில் மடிந்தபின் இப்பேரரணுக்கு வேலை குறைந்தது. காலப்போக்கில் கோட்டை பாழாயிற்று, ஏரிகளும் வற்றின.

தந்தையும் மகனும்

பிற்காலத்தில் இக்கோட்டை, நிலக்கரியாலும் கார்டிஃப் துறைமுகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய பியூட் பிரபுக்களின் உடைமையாயிற்று. மூன்றாம் பியூட் பிரபு, அண்மையிலிருந்த காஸ்டெல் கோக் என்னும் இடிந்த கோட்டையை, வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1875 முதல் எழுப்பினார். அதன் கூம்புக் கூரைகளும் சுவரோவியங்களும் கண்ணுக்கு இனியவை. ஆனால் அவை 13ஆம் நூற்றாண்டைவிட 19ஆம் நூற்றாண்டின் கற்பனையையே மிகுதியாகக் காட்டுகின்றன.

அவர் மகனாகிய நான்காம் பிரபு, 1928 முதல் 1939 வரை கேர்ஃபிலியைப் பழுதுபார்த்தார். மதிலை ஒட்டியிருந்த வீடுகளை அகற்றினார். இடிந்த பகுதிகள் பலவற்றை மீண்டும் கட்டுவித்தார். 1950இல் கோட்டை அரசின் வசமாயிற்று. பின்னர் ஏரிகளிலும் நீர் நிரப்பப்பட்டது. இன்று நீரில் நிழலாடும் மதில்களைக் காண்போர், இப்பணியின் பயனையும் சேர்த்தே காண்கின்றனர்.

நிமிர்த்தாத கோபுரம்

தென்கிழக்குக் கோபுரம் மட்டும் இன்றும் சாய்ந்தே நிற்கிறது. அதன் சாய்வு பைசா கோபுரத்தின் சாய்வைவிட மிகுதி. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் வெடிவைத்ததே காரணம் என்பது செவிவழிச் செய்தி. அடிநிலம் தாழ்ந்ததே காரணமாகலாம் என்பர் ஆராய்ச்சியாளர். எத்தனையோ சுவர்களை எழுப்பியவர்கள் இதை நிமிர்த்தவில்லை.

புதுப்பித்தலில் இருவகை அறம் உண்டு. இடிந்ததை எழுப்பிக் காட்டினால்தான் கோட்டை எவ்வாறு இயங்கியது என்பதை மக்கள் அறிவர். இடிந்ததை அவ்வாறே விட்டால்தான் அது எவ்வளவு காலத்தைக் கடந்தது என்பதை உணர்வர். இவ்விரண்டையும் ஒரே மதிலுக்குள் காணலாம் என்பதே கேர்ஃபிலியின் சிறப்பு.