வலியைச் சொல்லும் உரிமை

மும்பையில் பருவமழை இறங்கிக் கல்லூரிகள் திறக்கின்ற ஆனி, ஆடி மாதங்களில், தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்தும் கிராஸ் ரோட்டிலிருந்தும் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு, பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு பரீட்சை வந்து நிற்கிறது. சென்ற பருவத்தில் முதற் சுற்றோடு திரும்பிய அணி இந்தப் பருவத்தில் அரையிறுதிக்காவது போக வேண்டும் என்று கல்லூரி எதிர்பார்க்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் கட்டணச் சலுகையும் பெற்றவன் அதற்கு ஈடாக ஆடிக் காட்ட வேண்டும் என்று கோச் எதிர்பார்க்கிறார். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீட்டில், இந்த ஆட்டமாவது ஒரு ரயில்வே வேலையைக் கொண்டுவராதா என்று தாயும் தந்தையும் எதிர்பார்க்கிறார்கள். இத்தனையையும் இரண்டு முழங்கால்களின் மேல் ஏற்றிக்கொண்டு ஓடுகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, தனக்குள்ள உரிமைகள் யாவை, தன்னைச் சூழ்ந்த ஆபத்துக்கள் யாவை, அவற்றுக்குப் பரிகாரம் எங்கே கிடைக்கும் என்பதை உட்கார வைத்துச் சொல்வார் அரியர். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிர்ப்பந்தம் இவ்வளவு கடுமையானதற்குக் காரணம் உண்டு. 1891இல் ரோவர்ஸ் கோப்பைக் கால்பந்துப் போட்டியைத் தொடங்கிய இந்நகரத்தில், ஒரு காலத்தில் ரயில்வேயும் டாட்டா, மகிந்திரா, ஓர்க்கே மில் போன்ற ஸ்தாபனங்களும் தங்கள் அணிகளுக்காகவே ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து வந்தன. அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மகிந்திரா அணி 2010இல் கலைக்கப்பட்டது, மும்பை எஃப்.சி. கிளப் 2017இல் மறைந்தது. எஞ்சிய சில வாசல்களில் நெரிசல் மிகுந்தபோது, 'இந்த சீசனில் முன்னேறாவிட்டால் எல்லாம் போயிற்று' என்ற பயமும் மிகுந்தது. முன்னேற விரும்புவது ஆட்டக்காரனுக்கு அழகு. ஆயினும் உழைப்பு அவனுடைய கடமை என்றால், அந்த உழைப்பைத் தாங்கும் நிலைமைகளை அமைத்துக் கொடுப்பது அவனை ஆடவைக்கும் கல்லூரியின் கடமை என்பதையும், அந்தக் கடமையைக் கேட்டுப் பெறுவது நன்றிகெட்ட செயல் ஆகாது என்பதையும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உடலுக்கு வரும் ஆபத்து

ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் உடைமாற்றும் இடத்தின் மூலையில் ஒரு பையன் வீங்கிய முழங்காலுக்கு க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, 'ஒண்ணுமில்ல சார், ஓடிடுவேன்' என்று எழுந்து நிற்பதை மைதானப் பழக்கமுள்ள எவரும் கண்டிருப்பார்கள். மாத்திரை வலியை அடக்குமேயன்றிக் காயத்தை ஆற்றாது. ஆட்டக்காரர்கள் 'ஏசிஎல்' என்று சொல்லும் முழங்கால் நாண் அறுந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஒன்பது மாதங்களுக்கு முன் மைதானத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மீண்டும் காயம் நேரும் அபாயம் மிக அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒரு பருவத்தைக் காப்பாற்ற எண்ணி ஆடியவன் பல பருவங்களை இழக்கிறான்.

தடுக்கும் உபாயம் எளிது, செலவுமில்லாதது. 'ஃபிஃபா 11+' என்னும் தயார்ப்பயிற்சி இருபது நிமிஷங்களில் முடிவது. பந்தைத் தவிர உபகரணம் வேண்டாதது. நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 'இதை ஏன் நாம் செய்யக்கூடாது' என்று கேட்பது ஆட்டக்காரனின் உரிமை.

இதயத்தைப் பற்றிய விஷயம் இன்னும் முக்கியமானது. 2012 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் ஆடிக்கொண்டிருந்த ஃபாப்ரிஸ் முவாம்பா என்ற கால்பந்தாட்டக்காரர் மைதானத்தில் சரிந்து விழுந்தார்; 78 நிமிஷங்கள் தானாகத் துடிக்காதிருந்த அவருடைய இதயம், உடனே தொடங்கிய முதலுதவியினாலும் மின்னதிர்வுக் கருவியினாலும் மீண்டது. நான்கு நாள் கழித்து, மார்ச் 21ஆம் தேதி, பெங்களூரில் ஒரு லீக் ஆட்டத்தில் வெங்கடேஷ் என்ற ஆட்டக்காரர் அதே விதமாக விழுந்தார், மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோ ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவர் பிழைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்த முதலுதவியும் கைக்கெட்டிய கருவியும் எத்தனை பெரிய வேறுபாட்டைச் செய்யவல்லவை என்பதை அந்த ஒரு வாரம் உலகுக்குக் காட்டிற்று.

இத்தாலி தேசம் 1982 முதல் போட்டி விளையாட்டுக்களில் ஈடுபடுவோருக்கு இதயப் பரிசோதனையைச் சட்டத்தால் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: 2017இல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய அன்வர் அலிக்கு, 2019இல் மும்பை சிட்டி அணியில் சேர்ந்த சமயத்தில் நடந்த பரிசோதனையில் இதயத் தசை தடிக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆடவிடாமல் தடுத்தபோது அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்று, வைத்தியர்களின் ஆராய்ச்சிக்குப் பின் மீண்டும் களமிறங்கி, தேசிய அணியிலும் இடம்பெற்றார். பரிசோதனை வாழ்க்கையை முடித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடும்போது மயக்கம், மார்வலி, காரணமில்லாத படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும், இசிஜி எடுத்து வைத்தியரின் அபிப்பிராயம் பெறாமல் பூட்ஸ் கட்டக்கூடாது.

எவரேனும் உணர்விழந்து, மூச்சின்றியோ தாறுமாறான மூச்சுடனோ கிடந்தால், 108க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும் வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். அணியில் இருவராவது இதைப் பயின்றிருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ வாந்தியோ மறதியோ கண்டால், அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வேண்டும் என்பதே உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம். மும்பை மழைக்கென்று இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். சிராய்ப்புள்ள காலோடு தேங்கிய நீரில் ஆடியவர்கள் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைப் பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும். நம்மவர் 'சோட்டா சயான்' என்று அழைக்கும் தாராவி நகர்ப்புறச் சுகாதார மையம் இதற்கு அருகிலேயே இருக்கிறது.

மருந்தும் பவுடரும்

விரைவில் தசை வளரவேண்டும் என்ற ஆசையில் ஜிம்மில் விற்கும் பவுடரையும் பெயர் தெரியாத ஊசியையும் நாடுவோர் ஒரு விதியை அறிய வேண்டும்: ஊக்கமருந்துச் சட்டத்தில், உடம்பில் இருந்ததற்கு உடம்புக்குரியவனே பொறுப்பாளி, 'சீனியர் கொடுத்தார், தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமேயன்றிக் குற்றத்தை நீக்காது. முதற் குற்றத்துக்கே நான்கு ஆண்டுகள் வரை தடை வரும். பலருக்குக் கல்லூரி வாழ்க்கையே அதைவிடக் குறுகியது. முழங்கால் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகூட 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த தேசங்களுள் இந்தியாவிலேயே குற்றம் கண்ட விகிதம் மிக அதிகம், ஏறத்தாழ 3.8 விழுக்காடு. ஆகவே எந்த டப்பாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் உண்டா என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்த மருந்தையும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் செயலியில் சரிபார்த்து, 'நான் போட்டியில் ஆடுகிறவன்' என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணமும் பத்திரமும்

'கிளப் ட்ரையலுக்குப் பெயர் பதிய முப்பதாயிரம் கட்டு, வெளிநாட்டில் சான்ஸ் வாங்கித் தருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் பேசும் தரகர்கள் நிர்ப்பந்தத்தில் தவிக்கும் குடும்பங்களையே தேடி வருகிறார்கள். கிளப்பின் அலுவலகத்தை நேரில் விசாரிக்காமல் காசு கொடுக்கலாகாது. ஆன்லைனில் பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். போலீசில் பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவின்படி மோசடிப் புகார் கொடுக்கலாம். பதினெட்டு நிரம்பாதவன் இட்ட ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. ஃபிஃபா விதிப்படியும் அவ்வயதினரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. படித்துப் பார்க்காத, நகல் கையில் கிடைக்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

மகாராஷ்டிர அரசு வேலைகளில் தகுதிபெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆயினும் எந்த நிலைப் போட்டியில் எந்த இடம் பெற்றார் என்பதைப் பொறுத்தே தகுதி அமையும், சான்றிதழை விளையாட்டுத் துறை சரிபார்க்கும். வயதைக் குறைத்தோ ஆடாத போட்டிக்கோ சான்றிதழ் 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்கிறவர் பிள்ளையின் எதிர்காலத்தையே விலைபேசுகிறார்.

கேட்டுப் பெறும் வழி

காயம்பட்டதால் அணியிலிருந்து நீக்கி, கட்டணச் சலுகையைத் திரும்பக் கேட்டு, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அநியாயம் எங்கும் நேரலாம். சேர்க்கைக்குப் பின் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அதே குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரிக்கும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது கூடியவரை 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையேல் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவை யாவும் பயன்பட வேண்டுமானால் ஒரு பழக்கம் அவசியம்: எழுத்தில் சொல்வது. 'இம்மாதம் 12ஆம் தேதி பயிற்சியில் என் வலது முழங்கால் பிசகிற்று. டாக்டர் மூன்று வாரம் ஓய்வு எழுதியிருக்கிறார். சீட்டின் நகல் இணைத்துள்ளேன். அதுவரை பயிற்சியிலிருந்து விடுப்பு வேண்டுகிறேன்' என்று நான்கு வரியில் முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், பிற்பாடு 'அவனே வராமல் இருந்துவிட்டான்' என்று யாரும் சொல்ல முடியாது. போட்டிக்காக வகுப்பை விடும் நாட்களுக்கும் முன்னதாகவே இவ்விதம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

சீனியர்கள் ராகிங் செய்தால் 1800-180-5522. பயிற்சியாளரோ பிறரோ பாலியல் தொல்லை கொடுத்தால், ஆணாயினும் பெண்ணாயினும், கல்லூரியின் உட்புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்குப் போக்ஸோ சட்டமும் 1098 என்ற எண்ணும் உள்ளன. வக்கீலுக்குக் காசில்லையே என்ற கவலைக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு: பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், குறைந்த வருமானம் உள்ளவர்களும் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் மிகும்போது 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வங்கிக் கணக்குள்ள பதினெட்டு நிரம்பியவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கும். சிகிச்சைச் செலவை அது தாங்காது. அதற்குக் கல்லூரியின் மாணவர் காப்பீடு எது, எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆட்டம் முடிந்து வந்ததும் 'எத்தனை கோல்' என்று கேட்பதோடு 'எங்கேனும் வலிக்கிறதா' என்றும் கேளுங்கள். அணித் தேர்வுக்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்று, இதயப் பரிசோதனை நடக்குமா, போட்டி நாளில் ஆம்புலன்ஸ் நிற்குமா, காயம்பட்டவனின் சலுகை தொடருமா என்ற மூன்று கேள்விகளை மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிக்கலாம். ஐந்து பேர் எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைப் பெற்றுக்கொண்ட பிறகு நம் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கட்டும். இந்தப் பருவத்தில் அவர்கள் நிச்சயமாக முன்னேறுவார்கள்.