கோடையில் கூடும் நால்வர்

மருத்துவர், கணக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என வேறு தொழிலில் இருப்பவர்கள் சில நாட்களோ ஒரு வாரமோ ஓரிடத்தில் தங்கி, மூவராகவும் நால்வராகவும் ஐவராகவும் சேர்ந்து மேற்கத்திய செவ்வியல் இசையை வாசித்துப் பழகும் ஏற்பாடே கோடைக்கால அறை இசைப் பட்டறை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது நெடுநாள் வழக்கம். கோடை விடுமுறையில் கல்லூரி விடுதிகள் காலியாகக் கிடப்பதால் பெரும்பாலும் அங்கேயே நடக்கிறது.

அறை இசையில் ஒவ்வொரு வாத்தியப் பகுதிக்கும் ஒருவர்தான். கோல் வீசி வழிநடத்தும் கண்டக்டர் கிடையாது. கர்நாடகக் கச்சேரியில் உள்ளதுபோல் பிரதான கலைஞர், பக்கவாத்தியம் என்ற பிரிவும் கொள்கையளவில் இல்லை; ஆனால் இசையமைப்பாளர் ஹைடனின் தொடக்ககாலக் குவார்டெட்களில் (நால்வருக்கான படைப்புகளில்) முதல் வயலின் ஓங்கி நிற்பதை மற்ற மூவரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இசை வளர்ந்ததே வீடுகளில். இசையமைப்பாளர் ஷூபர்ட் இளமையில் வியோலா வாசித்தது குடும்பக் குவார்டெட்டில். அண்ணன்மார் இருவர் வயலின், தந்தை செல்லோ. தந்தை வாசிப்பில் தவறினால் ஷூபர்ட் முதல்முறை கண்டுகொள்ளாமல் விட்டு, மறுபடி தவறினால் மட்டும் எங்கோ பிசகு என்று பணிவாகச் சொல்வாராம். அவருடைய புகழ்பெற்ற ‘ட்ரௌட்’ குவின்டெட் (ஐவருக்கான படைப்பு) பிறந்ததும் ஸ்டெய்ர் நகரத்தைச் சேர்ந்த பாம்கார்ட்னர் என்ற அமெச்சூர் செல்லோ ஆர்வலர் கேட்டதால்தான். பிறகு அறை இசை மெல்ல மெல்ல அரங்குக்கும் தொழில்முறைக் குழுக்களுக்கும் போயிற்று. பீத்தோவனின் கடைசிக் குவார்டெட்கள் பெரும்பாலான ஆர்வலர்களின் கைக்கு எளிதில் எட்டாதவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆர்வலர்கள் அமைப்பாகத் திரண்டனர். 1946-ல் தொடங்கிய ஓர் அறை இசை மாநாடு பல பத்தாண்டுகள் வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் நடந்தது. 1947-ல் லெனார்ட் ஸ்ட்ராஸ், ஹெலன் ரைஸ் முதலியோர் அமெச்சூர் அறை இசைக் கலைஞர் சங்கத்தை அமைத்தனர். வெளியூர் போனால் உடன் வாசிக்க ஆள் தேடுவதற்கான முகவரிப் புத்தகமே அதன் உயிர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் திறமைக்குத் தாமே தரம் போட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1948-ல் பிரையன்ஸ்டன் பள்ளியில் வில்லியம் கிளாக் தொடங்கிய கோடைப் பள்ளி 1953-ல் டார்ட்டிங்டனுக்கு மாறியது. அங்கே புகழ்பெற்ற கலைஞர்களும் ஆர்வலர்களும் ஒரே வளாகத்தில் தங்கினர்.

பட்டறை நடத்துவோருக்குப் பெரிய தலைவலி குழு பிரிப்பதுதான். விண்ணப்பத்தில் எழுதிய தரம் நிஜத் திறமையோடு ஒத்துப்போவது அரிது. அடக்கமானவர் குறைத்தும் துணிந்தவர் கூட்டியும் எழுதுவார்கள். பொருத்தமற்ற ஒருவர் சேர்ந்தால் நால்வரின் வாரமும் வீண். வயலின்காரர்கள் தாராளமாகக் கிடைக்க, வியோலா வாசிப்பவருக்குத்தான் கிராக்கி. பியானோ கலைஞர்களுக்கோ இடம் குறைவு, ஒரு குழுவுக்கு ஒருவர் போதுமே.

காலையில் பயிற்றுநர் வந்து உட்கார்ந்து கேட்பார். அவர் திருத்துவது விரல் வேகத்தை அன்று, பெரும்பாலும் காதை. தொடக்கச் சைகை காட்டும் கலைஞர் தாளத்தோடு மூச்சிழுத்து வில்லைத் தூக்கினால்தான் எல்லோரும் ஒன்றாகத் தொடங்க முடியும். சுருதியைச் செல்லோவின் அடிநாதத்தோடு ஒட்ட வேண்டும். மெட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். வழிதவறியவர் நிறுத்தாமல், தாளில் அச்சிட்ட அடையாள எழுத்து வரும்போது மீண்டும் சேர்ந்துகொள்ளப் பழகுவதும் பாடத்தில் அடக்கம்.

மாலையில் பயிற்றுநர் இல்லை. அவரவர் ஆள் சேர்த்து, முன்பின் பாராத தாளை எடுத்துப் போட்டு வாசிக்கிறார்கள். பகலில் ஹைடனே போதும் என்று ஒப்புக்கொண்டவர்கள் பீத்தோவனைத் தொடத் துணிவதும் அப்போதுதான். பல பட்டறைகளில் கடைசி நாளில் ஒவ்வொரு குழுவும் தான் பயின்ற படைப்பிலிருந்து ஒரு பகுதியை மற்றக் குழுக்களுக்கு வாசித்துக் காட்டும். விருப்பமில்லாத குழு வாசிக்காமலும் இருக்கலாம்.